என் மூக்கை நம்பிய வீடு

ரேணிகுண்டா பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் மேலாளர் போனில் கூப்பிட்டு, "மேடம், உங்க சர்வீஸ்ல நடந்த நாலு நல்ல விஷயம் எழுதிக் குடுங்க, பசங்க படிக்கட்டும்" என்று கேட்டார். நல்ல விஷயங்களை எல்லாம் என் ஓய்வு விழாவிலேயே ஆளுக்கொன்றாகப் பேசி, சால்வை போர்த்தி, கேக் வெட்டி முடித்துவிட்டார்கள். நானும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்து கேட்டேன். அங்கே யாரும் எடுக்காத பேச்சு ஒன்று உண்டு. விருந்து நாளில் எதற்கு என்று விட்டிருப்பார்கள். அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். எழுத உட்கார்ந்ததுமே காது மடல் சுடுகிறது. அதனால் நடுவில் எங்காவது நான் ஜோக் அடித்தால், தப்பிக்கப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரெசின் கெமிஸ்ட். நீங்கள் இப்போது நிற்கும் அதே ஷெட்டில்தான் என் காலம் போனது. லைனர் என்று நாம் சொல்லும் நீளமான துணிக்குழாயை ரெசினில் ஊறவைத்து, ஐஸ் நிரப்பிய லாரியில் ஏற்றி, சைட்டுக்குக் கொண்டுபோய், பழைய குழாய்க்குள் சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் புரட்டிவிட்டு, நீராவி கொடுத்து இறுக வைப்பது நம் பிழைப்பு. பழைய குழாய்க்குள்ளேயே புதுக்குழாய் ஒன்று பிறந்துவிடும். தெருவைத் தோண்ட வேண்டாம். கேட்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் சாக்கடைக் குழாயும் அணைக் குழாயும் ஒன்றில்லை. சாக்கடையில் லைனர் பாதியில் கெட்டுப்போனால் தெருவைத் தோண்டி எடுத்துவிடலாம். நாலு பேர் திட்டுவார்கள், அவ்வளவுதான். அணைக்கரையை யாரால் தோண்ட முடியும்? பாதி இறுகிய லைனர் மதகுக் குழாய்க்குள் மாட்டிக்கொண்டால் தண்ணீரை வெளியே விட வழி இல்லை. மழைக்காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் அணை வேலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு முந்தின நாளிலிருந்தே சோறு இறங்காது.

ராமகுப்பம் பக்கம் ஒரு சின்ன அணை. பெயர் வேண்டாம். கரைக்கு அடியில் போகும் இரும்புக் குழாய் எங்கள் யார் வயதையும்விடப் பழையது. இணைப்புகள் விட்டுப்போய், குழாய்க்கு வெளியே மண்ணை அரித்துக்கொண்டு தண்ணீர் கசிந்தது. வெளியே வரும் கசிவு தெளிவாக இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. ஒருநாள் அது கலங்கலாக வர ஆரம்பித்தது. கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று பொருள். நம்மைக் கூப்பிட்டார்கள். நீர் மட்டத்தைக் குறைத்து, மேல் பக்கம் மண்மூட்டை அடுக்கி, இணைப்புகளில் பீறிட்ட தண்ணீரை முதலில் அடைத்து, எல்லாம் தயாராவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கரைக்குக் கீழே ஒரே ஒரு சந்து. இருபக்கமும் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகள். குழாயின் கீழ்வாய்க்குப் போக அந்தச் சந்தை விட்டால் வேறு வழி கிடையாது.

பட்டுப்புழு வளர்ப்பவர்களோடு பழகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புழுவுக்கு வாசனை ஆகாது. புழு கடைசிப் பருவத்துக்கு வந்து, சந்திரிகை என்ற மூங்கில் தட்டியில் ஏறிக் கூடு கட்டப்போகும் நாட்களில் அந்தச் சந்தில் யாரும் சாம்பிராணி போடமாட்டார்கள். கொசுவத்தி கிடையாது. பீடி கிடையாது. தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு யாரும் புழுமனைப் பக்கம் போகமாட்டார்கள். ஒரு வீட்டில் புழு முற்றியிருந்தால் அடுத்த வீட்டுக்காரி ரசத்துக்கு மிளகாய் தாளிப்பதைக்கூட நிறுத்திவிடுவாள். அடுத்த வாரம் அவள் வீட்டுப் புழுவுக்காக இவள் நிறுத்துவாள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை. அப்படிப்பட்ட சந்தின் முனையில்தான் நம் ரெசின் லாரி காலையில் வந்து நின்று கதவைத் திறந்தது.

ரேவதி என்ற பெண் நேராக என்னிடம் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். குப்பம் டவுனில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு, மாமியார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், வீட்டுப் பின்பக்கம் தனியாகப் புழுமனை போட்டிருந்தாள். அவள் சொந்தமாக வளர்த்த முதல் புழு அது. நன்றாக வந்தால் சந்தில் அவளும் ஒரு ஆள். போனால் திரும்பவும் காலையில் கார்மென்ட்ஸ் வேன் ஏற வேண்டும், மாமியாரின் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்ததல்ல. முதல் நாள் சைட் பார்க்கப் போனபோதே, தண்ணீர் கொடுத்துவிட்டு அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

"மேடம், இன்னா வாசன இது? பெயின்ட் டப்பாவ தொறந்தா மாதிரி கப்புனு வர்து. எம் புழு இன்னும் ரெண்டு மூணு நாள்ல ஏறிடும் மேடம். அதுக்குள்ள இது ஆவாது."

"வேலைய தள்ளிப்போட முடியாதும்மா. லைனர் ஐஸ்ல கீது. ஐஸ் கரைஞ்சா லாரிலயே கல்லாயிடும்."

"தள்ளிப்போட சொல்லல மேடம். நான் புழுவ எங்கம்மா ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிடறேன். ட்ராக்டர் வந்துக்கினு கீது. தட்டு தட்டா ஏத்திக்கினா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

அவளிடம் தீர்வு இருந்தது. அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். யாரிடமும் கெஞ்சவில்லை, சண்டைக்கு வரவில்லை. வண்டி சொல்லி, அம்மா வீட்டில் இடம் ஒழித்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ட்ராக்டரும் வந்தது. சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னாலேயே நம் பாய்லர் லாரி வந்து மாட்டிக்கொண்டது. சைட் பொறுப்பாளர் பாஸ்கர் ஓடி வந்தார். சித்தூர்க்காரர், நல்ல வேலைக்காரர், பதறினால் மட்டும் குரல் கீச்சென்று போகும்.

"மேடம், மத்தியானம் வரைக்கும் பாய்லர் உள்ள வர்லன்னா நம்ம கத அவ்ளோதான். லாரில பின்னாடி பக்கம் சூடு ஏற ஆரம்பிச்சிடுச்சு."

நான் போய்த் துணிமேல் கை வைத்துப் பார்த்தேன். சூடு தெரிந்தது. புதிதாக ஐஸ் சொன்னால் பலமநேரியிலிருந்தோ குப்பத்திலிருந்தோ வர வேண்டும். இதற்குள் அணைப் பொறியாளர் போன் செய்தார். "அம்மா, வான வஸ்தே கட்ட நிலவது" என்று தெலுங்கில் சொன்னார். மழை வந்தால் கரை நிற்காது. அவர் மிரட்டவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். கரைக்குக் கீழே இருக்கும் ஊர்களில் அவருடைய மாமனார் ஊரும் ஒன்று.

ஆக, நிலைமை இதுதான். ஒரு பக்கம் கரை. ஒரு பக்கம் உருகும் ஐஸ். நடுவில் சந்தை அடைத்து நிற்கும் ட்ராக்டர். ஐஸ் வாங்கி வரச் சொல்லி, ட்ராக்டரில் புழுவை ஏற்றும்வரை லாரியைக் காப்பாற்றியிருக்கலாமா? கஷ்டம்தான், ஆனால் முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நம் ஆட்கள் பத்துப் பேரும் கூட நின்று தட்டு தூக்கியிருந்தால் இன்னும் சீக்கிரமே முடிந்திருக்கும். அந்த யோசனை அப்போது எனக்கு வரவில்லை. ட்ராக்டர் நகர வேண்டும், அது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

"வா, உன் புழுமனை வாசல்ல வாசன வர்தான்னு நான் பாக்கறேன்" என்று ரேவதியோடு நடந்தேன். பாஸ்கர், ட்ராக்டர் டிரைவர், மாமியார், சந்தில் பாதிப் பேர் பின்னாலேயே வந்தார்கள். பாஸ்கர் மெதுவாக, "மீட்டர் எடுத்தாரட்டுமா மேடம்?" என்று கேட்டார். காற்றில் ரெசின் ஆவி எவ்வளவு என்று காட்டும் மீட்டர் எங்களிடம் ஒன்றே ஒன்று. அது கீழ்வாயில், குழாய்க்குள் இறங்கிய ஆட்களிடம் இருந்தது. எடுத்தால் அவர்களை மேலே ஏற்ற வேண்டும். அதற்கும் நேரம் ஆகும். "வேணாம்" என்றேன்.

இங்கே உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு மூக்கு வேலை செய்யாது.

ரெசின் பக்கத்திலேயே இருபது முப்பது வருஷம் நின்றால் முதலில் ரெசின் வாசனை மட்டும் தெரியாமல் போகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவையும். சாம்பார் அடிபிடித்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். எங்கள் சபையின் பாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தபோது திரிந்த பாலில் காபி போட்டுக் கொடுத்தேன். பாவம், பரிசுத்தமான மனிதர், குடித்தும்விட்டார். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பட்டறையில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கெமிஸ்டுக்கு மூக்கில்லை என்று தெரிந்தால் என்ன மரியாதை? டிரம்மைத் திறந்ததும் எல்லோரையும்போல நானும் மூக்கைச் சுளிப்பேன். பழகிவிட்டது.

புழுமனை வாசலில் நின்று கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தேன். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. உள்ளே ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை தின்னும் சத்தம், ஓட்டுமேல் தூறல் விழுவதுபோல் கேட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணும் வரலியேம்மா" என்றேன்.

"உங்களுக்கு வரலியாக்கா?" என்றாள் ரேவதி. அதுவரை மேடம் என்றவள் அப்போதுதான் முதல்முறை அக்கா என்றாள்.

"வரல. லாரி கிட்ட நின்னுக்கினு வந்தியே, அந்த வாசன கொஞ்ச நேரம் மூக்குலயே நிக்கும். காத்து மேற்க போவுது பாரு. நீராவி வர்ற எடத்துல நீளமா ஹோஸ் போட்டு அந்தப் பக்கம் திருப்பிடறேன். இந்த நேரத்துல புழுவ ட்ராக்டர்ல குலுக்கிக்கினு போனா அதுதான் கஷ்டம்."

கவனித்தீர்களா? ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எனக்கு வாசனை வரவில்லை. காற்று மேற்கேதான் போனது. ஹோஸும் போட்டேன். முற்றிய புழுவை வண்டியில் குலுக்கக்கூடாது என்பதும் சரிதான். அத்தனை உண்மைகளையும் சேர்த்துத்தான் அவளை ஏமாற்றினேன். என் தொழிலில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அது.

ரேவதி சந்து முனையில் நின்ற லாரியைத் திரும்பிப் பார்த்தாள். தன் மூக்கைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டாள். பிறகு டிரைவரிடம், "சரிண்ணா, நீ போய்க்கோ. மேடம் படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதா" என்றாள். பாய்லர் லாரி சந்து முனைவரை பின்வாங்கி வழி விட, ட்ராக்டர் ரிவர்ஸிலேயே வெளியே போனது. பாய்லர் உள்ளே வந்தது. பாஸ்கர் எனக்குக் கும்பிடு போட்டார்.

லைனர் அருமையாகப் போனது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. சாயங்காலம்வரை நீராவி கொடுத்தோம். பொழுது சாயும்போது காற்று நின்றுவிட்டது. ரெசினிலிருந்து கிளம்பும் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடம் தேடிப் போய்ப் படுக்கும். முதல் வருஷத்துப் பாடம் அது, நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தது. சந்து பள்ளத்தில் இருந்தது. பாஸ்கர் இரண்டு முறை இருமினார். "இன்னா, சளியா?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை லைனரின் முனையை வெட்டிக்கொண்டிருந்தபோது ரேவதியின் வீட்டுக்காரர் சீனு வந்து நின்றார். வாருங்கள் என்று கையை மட்டும் காட்டினார். போனேன். புழுமனையில் சத்தமே இல்லை. தட்டு தட்டாகப் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, பச்சையாகக் கக்கிக்கொண்டு கிடந்தன. ரேவதி புது இலையைக் கொண்டுவந்து ஒவ்வொரு தட்டிலும் பரப்பிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் தின்னவில்லை. "துன்னு, துன்னு" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் முணுமுணுத்தாள். என்னைப் பார்த்ததும், "கொஞ்சம் பொழைச்சிக்கும் இல்லக்கா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

ஒன்றும் பிழைக்கவில்லை. சாயங்காலம் மல்பெரித் தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டிக் கூடை கூடையாகக் கொட்டினார்கள்.

அன்று இரவு மழை பிடித்தது. விடாமல் பெய்து அணை நிரம்பியது. கரை அசையவில்லை. மதகைத் திறந்தபோது தண்ணீர் கண்ணாடிபோல் வந்தது, துளி மண் இல்லை. பொறியாளர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் மேளத்தோடு வந்து மதகுக்குத் தேங்காய் உடைத்து, எனக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். "ஊரையே காப்பாத்திட்டீங்கம்மா" என்றார்கள். அதுவும் பொய்யில்லை. மாலை கழுத்தில் கனத்தது. நிறுவனம் ரேவதி வீட்டுக்கு ஏதோ கொடுத்து முடித்துக்கொள்ளும் என்று பாஸ்கர் காதோடு சொன்னார். கொடுத்தார்கள்தான். அதைச் சொல்லி நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியாததற்கு, அடுத்து நடந்தது காரணம்.

மாலையோடு சந்து வழியாக வண்டிக்கு நடந்தேன். ரேவதி வீட்டு முன்னால் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சந்துக்காரர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். மருந்து சரியாகத் தெளிக்கவில்லை என்றார் ஒருவர். புதுசாக வளர்ப்பவளுக்கு எதற்கு இத்தனை தட்டு என்றார் இன்னொருவர். மற்ற வீடுகளில் புழு சின்னதாக இருந்ததோ, கூட்டுக்குள் போய்விட்டதோ, இந்த அளவுக்கு நஷ்டமில்லை. அதனால் குற்றம் அவள் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. மாமியார் மட்டும் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வாசன வந்துச்சுன்றே. ட்ராக்டரும் வந்துச்சு. அப்பறம் ஏன்டி அனுப்பின?"

"மேடம் வரலன்னாங்க அத்த."

"அவங்க சொன்னா? உம் மூக்கு எங்க போச்சு?"

ரேவதி மறுபடியும் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். அவளுக்கே தன் மூக்குமேல் சந்தேகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. என் வேலையால் புழு செத்தது ஒரு பக்கம். அந்தப் பெண் தனக்குச் சரியாகத் தெரிந்த ஒன்றையும் இனி நம்பமாட்டாள் என்று அங்கே நின்றபோது புரிந்தது. வண்டி கண் எதிரில்தான் நின்றது, ஏறிப் போயிருக்கலாம். பாஸ்கர் கதவைக்கூடத் திறந்து வைத்திருந்தார்.

தம்பிகளே, தங்கைகளே, ரெசின் கலவையில் தப்பு செய்தால் உங்களுக்கு அடுத்த கலவை உண்டு. சைட்டில் தெரியாததைத் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால், எதிரில் நிற்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைக் கைவிட்டுவிடுகிறார்கள். நமக்குத் தொப்பி இருக்கிறது, சட்டையில் கம்பெனி பெயர் இருக்கிறது, நாம் ஒன்றும் சொல்லாமல் மூக்கை உறிஞ்சினாலே அது பரிசோதனை ஆகிவிடுகிறது. ட்ராக்டர் போகும்வரை பொறுத்திருந்தால் லைனர் கெட்டிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். கெட்டிருக்கலாம். அப்போது கரைக்கு என்ன ஆகியிருக்கும் என்றும் நான் பல நாள் யோசித்திருக்கிறேன். "வாசன வரும்மா, உன் புழு போனாலும் போகும், ஆனா எனக்கு வழி வேணும்" என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட அவள் என்னோடு சண்டை போட்டிருப்பாள், சந்தே சேர்ந்து ஆளுக்கு இரண்டு தட்டு தூக்கியிருக்கும். அந்த வாய்ப்பைத்தான் நான் பறித்தேன்.

கூட்டத்துக்குள் போனேன். எல்லோரும் விலகி வழி விட்டார்கள், மாலை போட்ட ஆள் அல்லவா.

"அவ மூக்கு சரியாத்தான் கீது" என்றேன். "எனக்குத்தான் மூக்கு இல்ல. வருஷக்கணக்கா எந்த வாசனயும் தெரியாது. இந்தக் கெமிக்கல்லயே கெட்டுப்போச்சு. புழு செத்தது எங்க புகையாலதான். அவ ஒரு தப்பும் பண்ணல."

பாஸ்கரின் முகம் வெளுத்தது. மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். யாரோ "அய்யோ" என்றார்கள். ரேவதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராகவும் இருந்தேன். அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அப்ப ஏங்க்கா மோந்து பாத்தீங்க?"

மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். பிறகு, இருந்த உண்மையைச் சொன்னேன்.

"எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னாங்கம்மா."

"நானும்தாங்க்கா பாத்துக்கினு நின்னேன்" என்றாள் ரேவதி. சொல்லிவிட்டு, காலித் தட்டுகளைக் கழுவ உள்ளே போய்விட்டாள்.